குளிர்காலத்தில் ஊனுண்ணித் தாவரங்கள்: வீட்டில் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் மடிந்துபோகும் ஊனுண்ணித் தாவரங்களில் பல, குளிர் தாங்காமல் மடிவதில்லை. உறங்க வேண்டிய செடியைக் கதகதப்பான அறையில் வைத்து, பூச்சியும் கூடுதல் வெளிச்சமும் கொடுத்து விழித்திருக்கச் செய்வதாலும், உறக்கமே அறியாத வெப்பமண்டலச் செடியைக் குளிர்ந்த சன்னலோரத்தில் விட்டுவைப்பதாலுமே அவை மடிகின்றன. கடைகளில் இவை ஒரே அலமாரியில், ஒரே அளவுத் தொட்டிகளில் அடுக்கி விற்கப்படுவதால், எல்லாவற்றுக்கும் ஒரே பராமரிப்புப் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் வட அமெரிக்கக் கரையோரச் சதுப்பில் பிறந்த, பூச்சி பட்டதும் பொறிபோல் மூடும் இலைகளையுடைய வீனஸ் ஃப்ளைட்ராப்புக்கும், போர்னியோவின் மலைக்காட்டில் பிறந்த, இலை நுனியில் குடுவை தொங்கும் நெப்பந்தஸுக்கும், பூச்சி பிடிப்பதையும் சத்துக் குறைந்த மண்ணையும் தவிரப் பொதுவானது மிகக் குறைவு. ஆகவே எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: இந்தச் செடியின் சொந்த நிலத்தில் இந்த மாதங்களில் என்ன நடக்கிறது?

குளிர்காலம் என்று இங்கே சொல்வது, வட கோளத்தில் ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், தென் கோளத்தில் மே முதல் ஆகஸ்ட் வரையிலும் பகல் குறுகி வெப்பம் தணியும் காலத்தை. வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.

முதல் படி: செடி உறங்குமா, உறங்காதா என்று கண்டறிதல்

வீனஸ் ஃப்ளைட்ராப், சாரசீனியா என்னும் வட அமெரிக்கக் குடுவைச் செடிகள், நாகப்படம் எடுத்தாற்போல் நிற்கும் டார்லிங்டோனியா ஆகிய மூன்றும் கட்டாயம் உறங்குபவை. வீனஸ் ஃப்ளைட்ராப் இயற்கையில் வளர்வது அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கரையோரச் சமவெளியில் மட்டுமே. அங்கே கோடை கடும் வெக்கையாக இருந்தாலும், குளிர்காலத்து இரவுகள் உறைநிலையைத் தொட்டுவிடும். சாரசீனியாவில் பர்ப்பூரியா என்னும் இனம் கனடா வரை பரவியிருப்பதால், பனிக்கட்டிக்கு அடியிலும் தாக்குப்பிடிக்கும். இந்த மூன்றுக்கும் ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதங்கள் வரை 0 முதல் 10 டிகிரி வரையிலான குளிர் தேவை. ஓர் ஆண்டு உறக்கம் தவறினால் செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அடுத்தடுத்த ஆண்டுகளில் தவறினால் இலைகள் சிறுத்து, பொறிகள் சோர்ந்து, ஒரு கட்டத்தில் மீளாமல் போய்விடும்.

பனித்துளிபோல் பசைத்துளிகளைத் தாங்கி நிற்கும் ட்ரோசிராவில் கதை சிக்கலானது. ரொட்டண்டிஃபோலியா, ஆங்கிலிக்கா, ஃபிலிஃபார்மிஸ் போன்ற குளிர்நாட்டு இனங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, மண்மட்டத்தில் ஓர் இறுக்கமான மொட்டாகச் சுருண்டு உறங்கும். தென் ஆப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்த கேபென்சிஸ், அலிசியே ஆகியவை உறங்குவதில்லை; வளர்ச்சியின் வேகம் மட்டும் குறையும். ஆஸ்திரேலியாவின் கிழங்கு வகை ட்ரோசிராக்கள் இதற்கு நேர்மாறு. மழை குளிர்காலத்திலும் வறட்சி கோடையிலும் வரும் நிலத்தைச் சேர்ந்தவையாதலால், அவை குளிர்காலத்தில் தழைத்துக் கோடையில் மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கும். அவற்றுக்குக் குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்தால் ஓர் ஆண்டு வளர்ச்சி முழுவதும் வீணாகும்.

வெண்ணெய் பூசினாற்போல் இலை பளபளக்கும் பிங்குவிகுலாவும் இருவகைப்படும். ஐரோப்பாவின் வல்காரிஸ், கிராண்டிஃப்ளோரா ஆகியவை மொட்டாகி உறங்கும். வீடுகளில் அதிகம் காணப்படும் மெக்சிகோ இனங்கள், தங்கள் நாட்டின் வறண்ட குளிர்காலத்துக்கேற்பப் பசை இலைகளைக் கைவிட்டுச் சிறிய தடித்த இலைகளுக்கு மாறிக்கொள்ளும். நெப்பந்தஸ் எந்த வகையானாலும் உறங்காது. ஆஸ்திரேலியாவின் சிறு குடுவைச் செடியான செஃபலோட்டஸ் மந்தமாகும். ஆனால் முழுமையாக உறங்காது. நுண்பைகளால் இரை பிடிக்கும் யூட்ரிகுலேரியாவில், மண்ணில் வளர்ந்து வீடுகளில் வளர்க்கப்படும் சாண்டர்சோனி, லிவிடா போன்றவை ஆண்டு முழுதும் பெரிய மாற்றமின்றி வளர்பவை என்பதால் அவற்றைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை.

பெயர் தெரியாத செடி கையில் இருந்தால், தோற்றத்தை வைத்துக் குழுவையாவது கண்டுபிடியுங்கள். இலை நுனியில் தொங்கும் குடுவை என்றால் நெப்பந்தஸ். மண்ணிலிருந்து நேராக எழுந்து நிற்கும் குழல் என்றால் சாரசீனியா. குளிர்காலப் பராமரிப்பில் இந்த ஒரு வேறுபாட்டைப் பிழையறக் கண்டுகொண்டாலே பாதி வேலை முடிந்ததாகும்.

இரண்டாம் படி: குளிர் வருவதற்கு முன் படிப்படியாகப் பழக்குதல்

உறங்கும் செடிகள் குளிரை மட்டும் பார்த்து உறங்குவதில்லை. பகல் குறுகுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இலையுதிர் காலத்திலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும். செடி செயற்கை விளக்கின் கீழ் இருந்தால், நாளொன்றுக்கு 14 மணி நேரம் எரியும் விளக்கை வாரந்தோறும் அரை மணி அல்லது ஒரு மணி நேரம் வீதம் குறைத்து 8 முதல் 10 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். சன்னலோரச் செடிக்கு இயற்கையே இதைச் செய்துவிடும். ஆனால் அதே அறையில் இரவு பதினொரு மணி வரை பளிச்சென்று விளக்கு எரிந்தால் அந்தக் குறிப்பு குழம்பிப்போகும்.

கடைசிப் பூச்சியை உறக்கம் தொடங்குவதற்கு நான்கைந்து வாரங்களுக்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். குளிரில் செரிமானம் மெதுவாகும். பாதி செரித்த பூச்சி பொறிக்குள்ளேயே அழுகி, இலையையும் சேர்த்து அழுகச் செய்யும். ஃப்ளைட்ராப்பின் பொறிகளை விளையாட்டாகத் தொட்டு மூடவைப்பதை எக்காலத்திலும் தவிர்க்க வேண்டும் என்றாலும், சேமிப்பை நம்பி வாழப்போகும் இந்தக் காலத்தில் அது வெறும் வீண்செலவு.

இந்த மாதங்களில் செடியின் தோற்றம் மாறுவதைப் பார்த்துப் பலரும் பதறுகிறார்கள். ஃப்ளைட்ராப்பின் நிமிர்ந்த கோடை இலைகள் ஒவ்வொன்றாகக் கருகும். நடுவில் புதிதாக வருபவை விரல்நகத்தைவிடச் சிறிய பொறிகளுடன் மண்ணோடு மண்ணாகப் படிந்து கிடக்கும். அந்தப் பொறிகள் தொட்டாலும் மூடாது, அல்லது மிக மெதுவாக மூடும். சாரசீனியாவின் குடுவைகள் வாயிலிருந்து கீழ்நோக்கிப் பழுப்பாகும். சில இனங்கள் குடுவைக்குப் பதிலாகக் கத்திபோல் தட்டையான இலைகளை விடும். இவை அனைத்தும் இயல்பானவை. உண்மையிலேயே செத்துவிட்டதா என்ற ஐயம் எழுந்தால், மேல்மண்ணைச் சற்று விலக்கி மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகவும் வெண்மையாகவும் இருந்தால் செடி உயிரோடு உறங்குகிறது. விரல் பட்டதும் நசுங்கி, பழுப்பு நீர் கசிந்து, புளித்த வாடை வந்தால் அது அழுகல்.

மூன்றாம் படி: உறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக்குள் 10 டிகிரிக்குக் கீழே, ஆனால் உறையாமல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே இந்தப் பருவத்தின் பெரிய சிக்கல். ஹீட்டர் இல்லாத கார் கொட்டகை, கண்ணாடி அடைத்த வராந்தா, மாடிப்படியின் கீழுள்ள குளிர்ந்த சன்னல் ஆகியவை நல்ல இடங்கள். ஓர் எளிய வெப்பமானியைச் செடியின் உயரத்திலேயே வைத்து, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் எவ்வளவு என்று ஒரு வாரம் கவனித்த பிறகே செடியை அங்கே நகர்த்துங்கள். மேசையின் மேல் 9 டிகிரி காட்டும் அறையில், சன்னல் கண்ணாடியை ஒட்டிய இடம் இரவில் பல டிகிரி குறைவாக இருப்பதுண்டு. உறங்கும் செடிக்கு அது வரம், அதே இடத்தில் நெப்பந்தஸ் இருந்தால் அது தண்டனை.

இலைகள் பசுமையாக இருக்கும்வரை வெளிச்சமும் வேண்டும். அடர்ந்த இருட்டில் பசும் இலைகளோடு மூன்று மாதம் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்புக் கூடும்.

தரையில் வேரூன்றிய செடி தாங்கும் உறைபனியைத் தொட்டியில் இருக்கும் செடி தாங்காது, ஏனென்றால் தொட்டி எல்லாப் பக்கமிருந்தும் குளிர்கிறது. ஓரிரவு மேல்மண் உறைந்தால் ஃப்ளைட்ராப்போ சாரசீனியாவோ பொதுவாகச் சாவதில்லை. தொட்டி முழுதும் நாள்கணக்கில் உறைந்து கிடக்க, மேலே வெயிலும் காற்றும் இலைகளை உலர்த்தினால், வேரால் தண்ணீர் எடுக்க முடியாமல் செடி காய்ந்துபோகும். வெளியில் வைப்பவர்கள் தொட்டிகளை நெருக்கமாக அடுக்கி, பைன் ஊசியிலைகளாலோ உலர்ந்த சருகாலோ மூடி, காற்று நேராக அடிக்காத மூலையில் வைக்கலாம்.

நான்காம் படி: குளிர் போதாத இடங்களில் குளிர்சாதனப் பெட்டி

குளிர்காலத்திலும் இரவு வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடங்களில் ஃப்ளைட்ராப்பையும் சாரசீனியாவையும் உறங்கவைக்கக் குளிர்சாதனப் பெட்டியே நம்பகமான வழி. கேட்பதற்கு முரட்டு வைத்தியம்போல் இருந்தாலும், ஒழுங்காகச் செய்தால் செடிக்கு இதனால் கேடில்லை.

1. இரண்டு மூன்று வாரங்கள் வெளிச்ச நேரத்தையும் தண்ணீரையும் குறைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைத்துச் செடியைப் பழக்குங்கள்.

2. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஒட்டிய நடவுக் கலவையைத் தூய நீரில் மெதுவாக அலசுங்கள். கருகிய இலைகள் அனைத்தையும், கருத்து நொய்ந்த வேர்களையும் வெட்டிவிடுங்கள். ஃப்ளைட்ராப்பின் நல்ல வேர்களும் கறுப்பாகத்தான் இருக்கும் என்பதால், நிறத்தை வைத்து முடிவெடுக்காமல் தொட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

3. கிழங்கின் மேல் கந்தகப் பூஞ்சைக்கொல்லித் தூளை லேசாகத் தூவுங்கள். பையைத் திறந்து பார்க்கும்போது வெண்பஞ்சுபோல் ஒன்று படர்ந்திருப்பதைக் காண விரும்பாதவர்கள் இதைத் தவிர்க்காமலிருப்பது நல்லது.

4. ஸ்பாக்னம் என்னும் சதுப்புநிலப் பாசியைத் தூய நீரில் நனைத்து, இனிச் சொட்டாது என்ற அளவுக்குப் பிழிந்து, கிழங்கையும் வேரையும் அதில் சுற்றி ஜிப் பையில் இட்டு மூடுங்கள். பையின் மேல் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்; உறங்கும் கிழங்குகள் ஒன்றுபோலவே இருக்கும்.

5. பையைக் காய்கறித் தட்டில், 2 முதல் 5 டிகிரி வரை உள்ள இடத்தில் வையுங்கள். உறைபெட்டிக்குள் வைக்கவே கூடாது. பின்சுவரில் ஒட்டியும் வைக்க வேண்டாம், சில பெட்டிகளில் அந்தச் சுவர் உறைநிலைக்குப் போய்விடும்.

6. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். பாசி உலர்ந்திருந்தால் சில துளி நீர் தெளியுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி, அலசி, புதிய பாசியில் மீண்டும் சுற்றுங்கள்.

பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள் இவ்வாறு வைத்தால் போதும். வேரைக் கலைக்கத் தயங்குபவர்கள் தொட்டியோடு பையில் போட்டும் வைக்கலாம். ஆனால் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது அதில் கடினம், இடமும் நிறைய வேண்டும். விதையிலிருந்து முளைத்து ஓர் ஆண்டுகூட ஆகாத நாற்றுகளைப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டாம். பல வளர்ப்பாளர்கள் முதல் ஓரிரு குளிர்காலங்களில் நாற்றுகளை விளக்கின் கீழ் தொடர்ந்து வளரவிடுகிறார்கள். அவற்றின் கிழங்கில் நீண்ட உறக்கத்துக்கான சேமிப்பு இன்னும் சேர்ந்திருக்காது.

டார்லிங்டோனியாவை இந்த முறைக்கு உட்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். வேர் எப்போதும் குளிர்ந்த நீரில் இருக்க விரும்பும் அந்தச் செடி கோடையிலேயே வெப்ப நாடுகளில் நிலைப்பது அரிது. குளிர்காலம் அதன் இரண்டாவது பிரச்சினைதான்.

ஐந்தாம் படி: தண்ணீரின் அளவும் தரமும்

கோடையில் தொட்டியின் அடித்தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர் நிற்பது ஃப்ளைட்ராப்புக்கும் சாரசீனியாவுக்கும் ட்ரோசிராவுக்கும் பொருந்தும். உறங்கும் செடியோ நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அதே அளவு நீர் நின்றால் கலவையில் காற்றில்லாமல் கிழங்கு அழுகும். தட்டில் நீர் முற்றிலும் வற்றட்டும். பிறகு இரண்டு மூன்று நாள் கழித்து, கலவையின் மேற்பரப்பு நிறம் வெளுக்கத் தொடங்கும்போது, அரை சென்டிமீட்டர் அளவுக்கு மீண்டும் ஊற்றுங்கள். தொட்டால் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும், அழுத்தினால் நீர் பிதுங்கக் கூடாது, அதுவே அளவு. முழுதும் காயவிடுவதும் தவறு. கலவையிலுள்ள பீட் மாஸ் என்னும் மக்கிய பாசி, காய்ந்தால் எளிதில் நீரை ஏற்காமல், ஊற்றிய நீர் தொட்டிச் சுவரை ஒட்டி ஓடிவிடும்.

மொட்டாக உறங்கும் ட்ரோசிராவுக்கும் பிங்குவிகுலாவுக்கும் மேலிருந்து நீர் ஊற்றாதீர்கள். அந்த மொட்டுகளின் பழைய வேர்கள் பெரும்பாலும் இறந்திருக்கும். மேலே விழும் நீர் மொட்டை இடம்பெயர்த்துத் தொட்டியின் ஓரத்துக்கு அடித்துச் சென்றுவிடும், வசந்தத்தில் செடி வேறோர் இடத்தில் முளைப்பதைக் காண்பீர்கள்.

நீரின் தரத்தில் குளிர்காலம் என்று சலுகை கிடையாது. மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் ஆகிய மூன்றில் ஒன்றையே பயன்படுத்த வேண்டும், நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 50 பி.பி.எம். அளவுக்குக் கீழே இருப்பது பாதுகாப்பானது. குழாய் நீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பது பயன்படாது. நீர் ஆவியாகக் கரைந்திருக்கும் உப்புகளின் செறிவு கூடவே செய்யும். குடிநீருக்கான சில ஆர்.ஓ. கருவிகள் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்த்து நீரை வெளிவிடுகின்றன என்பதால், ஆர்.ஓ. என்ற பெயரை மட்டும் நம்பாமல் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் நீர் வேகமாக ஆவியாவதால், உப்புகள் கலவையில் தேங்குவதும் வேகமாகும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்தோ வெளியிலிருந்தோ எடுத்த சில்லென்ற நீரை நெப்பந்தஸுக்கு நேராக ஊற்றாமல், அறை வெப்பநிலைக்கு வரும்வரை வைத்திருந்து ஊற்றுங்கள்.

ஆறாம் படி: சாம்பல் பூஞ்சணத்துக்கு இடம் கொடாமை

குளிர், ஈரம், அசையாத காற்று, செத்த இலை ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடினால் போட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூஞ்சணம் வந்துவிடும். முதலில் கருகிய இலையின் மேல் தூசு படிந்தாற்போல் தோன்றும்; ஊதினால் புகைபோல் கிளம்பும். அங்கிருந்து அது செடியின் நடுப்பகுதிக்கு இறங்கினால் காப்பாற்றுவது கடினம். வாரம் ஒருமுறை சிறிய கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, முழுதும் கருகிய இலைகளை மட்டும் அடியோடு வெட்டுங்கள். சாரசீனியாவின் குடுவை பாதி பழுத்துப் பாதி பச்சையாக இருந்தால் பழுத்த பகுதியை மட்டும் வெட்டினால் போதும்; மீதிப் பச்சை, வசந்தத்துக்கான உணவைக் கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெட்டிய குடுவைக்குள் கோடைப் பூச்சிகளின் ஓடுகள் கரிய குழம்பாகத் தேங்கியிருக்கும். அது தொட்டிக்குள் கொட்டிவிடாமல் எடுத்துவிடுங்கள்.

ஒரு சிறிய மின்விசிறியைச் செடியின் மேல் நேராக அடிக்காமல், அறையின் காற்று மெல்ல நகரும் அளவுக்கு ஓடவிடுவது எந்த மருந்தையும்விட நல்ல தடுப்பு. செடிகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் மூடி வைத்து வளர்ப்பவர்கள் உறக்கக் காலத்திலாவது மூடியைத் திறந்துவிட வேண்டும். உண்மையில் ஃப்ளைட்ராப்பை அத்தகைய குடுவைக்குள் வைப்பதையே நான் ஏற்பதில்லை.

அசுவினியும் செதில் பூச்சியும் குளிரில் மறைந்துவிடுவதில்லை. பூச்சி தின்னும் செடியைப் பூச்சி தின்பது முரண்போல் தோன்றினாலும், பொறிக்கு வெளியே சாறு உறிஞ்சும் உயிர்களிடம் செடிக்குத் தற்காப்பு இல்லை. வசந்தத்தில் இலைகள் முறுக்கிக்கொண்டு வந்தால் அசுவினியே முதல் சந்தேகம்.

ஏழாம் படி: நெப்பந்தஸைக் குளிர்காலம் கடத்துதல்

நெப்பந்தஸின் குளிர்காலப் பிரச்சினைகள் மூன்று: வெளிச்சக் குறைவு, வறண்ட காற்று, இரவுக் குளிர். இவற்றில் எது எவ்வளவு வாட்டும் என்பது செடி தாழ்நிலத்ததா, உயர்நிலத்ததா என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ 1000 மீட்டருக்கு மேல் வளரும் உயர்நில இனங்கள் 10 முதல் 15 டிகிரி வரையிலான இரவுகளை விரும்பவே செய்யும். குளிர்காலத்தில் அவை நன்றாக இருந்து கோடையில் வாடுவதே வழக்கம். ராஃப்ளீசியானா, ஆம்புல்லேரியா, பைகால்கரேட்டா போன்ற தாழ்நில இனங்களுக்கு இரவிலும் 20 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வென்ட்ராட்டா என்னும் கலப்பினம் இரண்டுக்கும் நடுவில் நின்று பலவற்றையும் பொறுத்துக்கொள்ளும். தொடக்கநிலை வளர்ப்பாளருக்கு அதைவிட நல்ல தேர்வு இல்லை.

புதிய இலைகள் வந்தும் அவற்றின் நுனியில் குடுவை உருவாகாமல் கொடி மட்டும் சுருண்டு காய்ந்தால், காரணம் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு, அடுத்ததாக வறண்ட காற்று. வெள்ளை எல்.இ.டி. விளக்கைச் செடியிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். நேரக்கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஹீட்டர் ஓடும் அறையின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடும். 50 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்க ஈரப்பதமூட்டியே சரியான கருவி. ஒரு நாளில் சிலமுறை இலைமேல் நீர் தெளிப்பதால் ஈரப்பதம் சில நிமிடங்களே உயர்கிறது. மனநிறைவைத் தவிர அதில் பெரிய பலனில்லை. செடிகளைக் கூட்டமாக வைப்பதும், ஹீட்டரின் காற்று படாத இடத்துக்கு மாற்றுவதும் அதைவிட உதவும்.

நெப்பந்தஸ் தட்டுநீரில் நிற்கக் கூடாது. மேலிருந்து ஊற்றி, அடியில் வடியவிட்டு, கலவை சற்றே உலரத் தொடங்கும்போது மீண்டும் ஊற்றுங்கள். குளிரில் இந்த இடைவெளி நீளும். குடுவைக்குள் இருக்கும் திரவம் சிந்திவிட்டால் கால் பங்கு அளவுக்குத் தூய நீர் விடலாம். விளிம்புவரை நிரப்பினால் செரிமானத் திரவம் நீர்த்துப்போகும். செடி தொடர்ந்து வளர்கிறது என்றால் மாதம் ஒருமுறை ஒரு குடுவைக்கு ஓர் உலர்ந்த பூச்சியோ, இரண்டு மூன்று உருண்டை மீன் தீனியோ இடலாம். வளர்ச்சி நின்றிருந்தால் வேண்டாம்.

எட்டாம் படி: உறங்காமல் மந்தமாகும் செடிகள்

ட்ரோசிரா கேபென்சிஸைக் கெடுப்பதுதான் கடினம். 5 டிகிரி வரை இறங்கினாலும் தாங்கும். கீழ் இலைகள் காய்ந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். கடுங்குளிரில் மேற்பகுதி முழுதும் கருகினாலும் தொட்டியை வீசிவிடாமல் ஈரமாக வைத்திருங்கள், வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பது வழக்கமே. பசைத்துளிகள் காணாமல் போவது பெரும்பாலும் வெளிச்சம் குறைந்ததன் அடையாளம். மிகச் சிறிய ஆஸ்திரேலியக் குள்ள ட்ரோசிராக்கள் பகல் குறுகியதும் நடுவில் செதில்போன்ற நுண்மொட்டுகளைக் குவிக்கும். குச்சி முனையால் லேசாகத் தட்டினால் தெறிக்கும் அவற்றைப் புதிய கலவையின் மேல் உடனே தூவினால், ஒவ்வொன்றும் ஒரு செடியாகும்.

மெக்சிகோ பிங்குவிகுலா தடித்த இலைகளுக்கு மாறியதும் தட்டுநீரை நிறுத்திவிட்டு, கலவை ஏறக்குறைய உலர்ந்த பிறகு சிறிதளவு நீர் மட்டும் கொடுங்கள். அதன் குளிர்கால இலைகளில் பசை இராது, ஆகவே தீனியும் வேண்டாம். இனப்பெருக்கத்துக்கு இதுவே ஏற்ற காலம்: வெளிவட்டத்து இலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, வெள்ளையான அடிப்பகுதியோடு கழற்றி, ஈரமான கலவையின் மேல் கிடத்திவைத்தால், சில வாரங்களில் அந்த வெள்ளை முனையில் குட்டிச் செடிகள் எழும்.

செஃபலோட்டஸ் குளிர் மாதங்களில் குடுவையை விட்டுத் தட்டையான சாதாரண இலைகளை விடுவது இயல்பு. 5 முதல் 15 டிகிரி அதற்கு ஏற்றது. நீரை மிகைப்படுத்தினால் எச்சரிக்கையே இல்லாமல் சரிந்துவிடும் செடி இது.

ஒன்பதாம் படி: எழுப்புதலும் தொட்டி மாற்றுதலும்

உறக்கம் முடியும் தறுவாயில், புதுத் துளிர் கிளம்புவதற்குச் சற்று முன்பு தொட்டி மாற்றுவது மிகச் சிறந்தது. பீட் மாஸும், பெர்லைட் என்னும் எடை குறைந்த வெண்ணிறக் கல்மணிகளை அலசியதும் சம பங்காகக் கலந்த கலவை பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். உரம் கலந்த பாக்கெட் மண்ணை அருகிலும் கொண்டுவராதீர்கள், அதிலுள்ள சத்தே வேரைக் கருக்கிவிடும். பெர்லைட்டை நனைத்த பிறகே கையாளுங்கள், அதன் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. மண்தொட்டியைவிடப் பிளாஸ்டிக் தொட்டி பாதுகாப்பானது, மண்தொட்டியிலிருந்து தாதுக்கள் கசியக்கூடும். கிழங்கு தானாகவே பிரியும் இடத்தில் மட்டும் பிரித்து நடுங்கள். வலிந்து ஒடித்த துண்டுகள் அழுகுவதற்கே வாய்ப்பு மிகுதி.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த செடியை அன்றே வெயிலில் வைக்க வேண்டாம். முதல் வாரம் நிழலான வெளிச்சத்திலும், அடுத்த வாரம் காலை வெயிலிலும், அதன்பிறகு முழு வெயிலிலும் வைத்துப் பழக்குங்கள். முதல் துளிர் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். பொறிகள் முழு அளவில் வர ஐந்தாறு வாரம்கூட ஆகும். தட்டுநீரின் அளவையும் அதே வேகத்தில் உயர்த்துங்கள்.

சாரசீனியா பெரும்பாலும் குடுவைக்கு முன்பாகப் பூவை அனுப்பும். வலுவான செடியானால் பூக்கட்டும். ஃப்ளைட்ராப்பின் பூந்தண்டு உருண்ட நுனியுடன் நடுவிலிருந்து எழும். கன்றாகவோ, உறக்கத்திலிருந்து மெலிந்து எழுந்த செடியாகவோ இருந்தால் அந்தத் தண்டு ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்ததும் வெட்டிவிடுங்கள். பூவுக்குச் செலவாகும் வலு, இலைக்குப் போகும். வெட்டிய இளந்தண்டை வீச வேண்டாம்; ஈரமான கலவையில் செருகி வைத்தால், சில வேளைகளில் அடியிலிருந்து புதுச் செடி முளைப்பதுண்டு. முதல் பூச்சியைக் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று புதிய பொறிகள் முழுதாக விரிந்து, தொட்டவுடன் சுறுசுறுப்பாக மூடும் நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். அந்தப் பூச்சியும் பொறியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லாததாக இருக்கட்டும். பொறியின் விளிம்புகள் முழுதும் ஒட்டி மூடினால்தான் செரிமானம் நடக்கும்.

சாரசீனியா விதையும் குளிர்நாட்டு ட்ரோசிரா விதையும் கைவசம் இருந்தால், பெரிய செடிகள் உறங்கும் இதே மாதங்களில் அவற்றையும் ஈரமான ஸ்பாக்னம் பாசியில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு முதல் ஆறு வாரங்கள் வைத்துவிடுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்து படாத விதைகள் வெளிச்சத்தில் எவ்வளவு காலம் கிடந்தாலும் முளைப்பது மிகக் குறைவு. எடுத்ததும் மண்ணால் மூடாமல் மேற்பரப்பில் தூவி, பளிச்சென்ற வெளிச்சத்தில், நீர் குறையாத தட்டில் வையுங்கள்.